பயப்பட வேண்டிய மருந்து எது?

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 29. நிறை 47 கிலோ. நான்கு ஆண்டுகளுக்கு முன் வயிற்றுநோவும் மாலைக் காய்ச்சலும் மெலிவுமாகத் தொடங்கியிருக்கிறது. கொலனோஸ்கோப்பி செய்தபோது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண்கள் தெரிந்தன. காசநோயாக இருக்கலாம் என்று ஆறு மாதம் அதற்கான குளிசைகள் கொடுத்தார்கள். குணமில்லை. மறுபடியும் பரிசோதித்து, குடலில் நாட்பட்ட அழற்சியை உண்டாக்கும் குரோன் நோய் என்றார்கள். ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை கொடுத்தார்கள்; பிறகு எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் அசதியோப்ரினும் சேர்த்தார்கள். குடல் ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கிறது என்று ஸ்கேன் சொல்கிறது. போன வருடம் மலவாசலுக்குப் பக்கத்தில் பவுத்திரம் வந்து, இன்றும் சீழ் கசிகிறது. "ஐந்தாம் பாடவேளையில் பிள்ளைகளுக்கு எழுத்துவேலை கொடுத்துவிட்டு ஓடுகிறேன். திரும்பி வந்து கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது சேலையில் ஏதாவது பட்டிருக்குமோ என்ற பயத்தில் கை நடுங்குகிறது" என்று எழுதுகிறார்.

இப்போது அவருடைய வைத்திய நிபுணர் இன்ஃப்லிக்சிமாப் என்ற ஊசியைத் தொடங்க வேண்டும் என்கிறார். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அழித்துவிடும், புற்றுநோய் வரும், ஒருமுறை தொடங்கினால் சாகும்வரை நிறுத்த முடியாது என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சித்த வைத்தியரிடம் போய்ப் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தமாக்கலாம் என்பது அம்மாவின் யோசனை. ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவோ, இங்கே கிடைப்பது கொப்பி மருந்து, அசலைத் தானே வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். இதற்கிடையில் லண்டனில் இருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருக்கிறது. பிள்ளை பெற முடியுமா, மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்.

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் சொல்வதுபோல் இன்னொன்றும் இருக்கிறது. "வருத்தம் கூடும்போது வீட்டில் மிஞ்சியிருக்கும் ப்ரெட்னிசோலோனை நானே நாலு, ஆறு என்று போட்டுக்கொள்வேன். முடிந்தால் பாமசியில் பழைய துண்டைக் காட்டி வாங்குவேன். இரண்டு நாளில் சரியாகிவிடும். பழகிய மருந்துதானே, அதனால் கிளினிக்கில் சொல்லவில்லை. இதையே வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாதா, டொக்டர்?"

அன்புள்ள சகோதரி,

உங்களை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன். கடைசி முடிவு உங்கள் வயிற்றில் கை வைத்துப் பார்த்த வைத்தியருடையதும் உங்களுடையதும்தான். ஆனாலும் உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் தயக்கமில்லாதது. சமாளிக்க முடியாது. வீட்டில் எல்லோரும் இன்ஃப்லிக்சிமாப்பைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பயம் தந்தது அலுமாரியில் இருக்கும் ப்ரெட்னிசோலோன்.

அந்தக் குளிசைப் பை

ப்ரெட்னிசோலோன் கெட்ட மருந்து என்று சொல்லவில்லை. நோய் பற்றி எரியும்போது சில வாரங்களுக்கு அதைப்போல் விரைவாக அடக்கும் மலிவான மருந்து வேறில்லை. ஆனால் அது நோயை அடக்கிவைக்கும். குடலின் புண்ணை ஆற்றி, ஆறிய நிலையிலேயே வைத்திருக்கும் வேலையை அது செய்யாது. குரோன் நோயில் அதை நீண்டகாலப் பராமரிப்புக்குக் கொடுக்கக்கூடாது என்பதில் உலகில் எந்த வழிகாட்டலுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வயிற்றுநோ இரண்டு நாளில் போய்விடுகிறது, நீங்களும் குணமென்று நினைக்கிறீர்கள். உள்ளே ஒடுக்கமும் பவுத்திரமும் தம் பாட்டில் வளர்கின்றன. உங்களுக்கு இந்த நான்கு ஆண்டுகளில் நடந்திருப்பது அதுதான்.

வட அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட குரோன் நோயாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ட்ரீட் என்ற பதிவேட்டின் முடிவுகள் 2012இல் வெளிவந்தன. கடுமையான தொற்றுகள் இன்ஃப்லிக்சிமாப் எடுத்தவர்களிடமும் கூடியிருந்தன, ப்ரெட்னிசோலோன் வகை மருந்து எடுத்தவர்களிடமும் கூடியிருந்தன. ஆனால் இறப்பு அபாயம் இரண்டு மடங்காகத் தெரிந்தது ஸ்டீரொய்ட் எடுத்தவர்களிடம். இன்ஃப்லிக்சிமாப் எடுத்தவர்களிடம் அப்படிக் கூடவில்லை. நோய் கடுமையானவர்களுக்குத்தான் ஸ்டீரொய்ட் அதிகம் கொடுப்பார்கள், ஆகவே முழுப் பழியையும் மருந்தின்மேல் போட முடியாது என்பது உண்மை. அப்படியிருந்தும், "பழகிய மருந்து" என்பதற்காக அதைப் பாதுகாப்பான மருந்தென்று நினைப்பதற்கு இதில் ஓர் ஆதாரமும் இல்லை. சீழ் கட்டும் பவுத்திரம் உள்ளவருக்கு அது இன்னும் ஆபத்து.

இன்றே அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டிருந்தால், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கலாம். திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, குருதி அழுத்தம் விழுவது வரைக்கும் போகலாம். அடுத்த கிளினிக்கில், எத்தனை குளிசை, எந்த மாதங்களில் என்று நினைவுள்ளவரை எழுதிக் கொடுங்கள். ஏசுவார்கள் என்று பயமாக இருந்தால் ஏச்சை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு தகவல் இல்லாமல் அடுத்த படிக்குப் போனால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன்.

காசநோயா, குரோனா?

"முதலில் காசநோய் என்றார்கள், இப்போது குரோன் என்கிறார்கள், யாரை நம்புவது?" என்று அம்மா கேட்பது நியாயமான கேள்வி. நம் பகுதியில் இந்த இரண்டையும் பிரித்தறிவது குடல் வைத்தியத்தின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. இரண்டும் சிறுகுடலின் அதே கடைசிப் பகுதியைத்தான் விரும்பித் தாக்கும். இரண்டிலும் காய்ச்சல், மெலிவு, புண், ஒடுக்கம். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இரண்டிலும் ஒரே மாதிரியான கணுக்கள் தெரியலாம். சந்தேகம் தீராத இடத்தில் முதலில் காசநோய்க்கு மருந்து கொடுத்துப் பார்ப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. காரணம் எளிது: காசநோய் உள்ளவருக்குக் குரோன் மருந்தைக் கொடுத்தால் காசநோய் உடம்பெங்கும் பரவலாம். குரோன் உள்ளவருக்குக் காசநோய்க் குளிசை கொடுத்தால் பெரும்பாலும் காலம்தான் வீணாகும். உங்களுக்குக் காலம் வீணானது, அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அது கவனக்குறைவினால் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இன்ஃப்லிக்சிமாப் தொடங்குமுன் உங்களிடம் காசநோய் மறைந்திருக்கிறதா என்று மீண்டும் பார்ப்பார்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். முன்கையில் மென்டூ ஊசி போடுவார்கள், அல்லது அதற்கான குருதிப் பரிசோதனை செய்வார்கள். இங்கேதான் அந்தக் குளிசைப் பை வருகிறது. மென்டூவில் தோல் தடிப்பதற்கு எதிர்ப்புச் சக்தி விழித்திருக்க வேண்டும். நீங்கள் யாருக்கும் சொல்லாமல் ப்ரெட்னிசோலோன் போட்டிருந்தால், கிருமி உள்ளே இருந்தாலும் தோல் தடிக்காமல் போகலாம். அந்தத் துண்டில் "இல்லை" என்று எழுதியிருக்கும். அதை நம்பி ஊசியை ஏற்றுவார்கள். இந்த மருந்தில் நான் உண்மையாகவே பயப்படுவது இதற்குத்தான். அதைத் தவிர்ப்பது உங்கள் வாயைத் திறப்பதில் இருக்கிறது.

முன்பு எடுத்த காசநோய்ச் சிகிச்சையின் அட்டையைத் தேடி எடுத்து மார்புநோய் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டு போங்கள். முழுமையாக எடுத்து முடித்ததற்கான பதிவு கையில் இருந்தால் முடிவெடுப்பது எளிது. மறைந்திருக்கும் தொற்று என்று கண்டால் ஐசோனியசிட் போன்ற தடுப்புச் சிகிச்சையைத் தொடங்கி, குறைந்தது ஒரு மாதமாவது போனபிறகே இன்ஃப்லிக்சிமாப். ஹெப்படைட்டிஸ் பி கிருமியும் இதேபோல் விழித்துக்கொள்ளக்கூடியது. அதற்கும் குருதிப் பரிசோதனை உண்டு. பவுத்திரத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, உள்ளே சீழ்ப்பை இருந்தால் சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் அதை வடித்துவிட வேண்டும். சீழை உள்ளே வைத்துக்கொண்டு இந்த மருந்தை ஏற்றுவதில்லை. "ஏன் தாமதிக்கிறார்கள்" என்று வீட்டில் யாராவது அலுத்துக்கொண்டால் இதைச் சொல்லுங்கள்.

மருந்து செய்யும் வேலை

உங்கள் குடலில் அழற்சியை மூட்டிக்கொண்டே இருப்பவற்றில் டி.என்.எஃப். என்ற புரதம் முக்கியமானது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியைப் பூட்டியதுபோல் அது ஊரிலுள்ள வெள்ளணுக்களையெல்லாம் குடலுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இன்ஃப்லிக்சிமாப் அந்தப் புரதத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் ஒரு பிறபொருளெதிரி. இது உயிருள்ள கலங்களில் வளர்த்தெடுக்கப்படும் மருந்து, அதனால்தான் பயோலொஜிக் என்கிறார்கள். அதுவே ஒரு புரதம் என்பதால் குளிசையாக விழுங்கினால் இரைப்பையில் சமித்துவிடும். ஆகவே சேலைன்போல் நாளத்தில் ஏற்றித்தான் வழக்கமாகத் தொடங்குவார்கள். அமெரிக்காவில் குரோன் நோய்க்கு இது அனுமதி பெற்றது 1998இல். கால் நூற்றாண்டுக்கு மேல் பயன்பாட்டில் இருக்கிறது. "புதிதாக வந்த சோதனை மருந்து" என்று யாராவது சொன்னால் அது சரியில்லை.

கணக்கை நேரே பாருங்கள். ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம். உங்கள் 47 கிலோவுக்கு 235 மில்லிகிராம். ஒரு குப்பியில் 100 மில்லிகிராம். ஆகவே ஒரு தடவைக்கு 3 குப்பி. முதல் ஊசி, இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. முதல் ஆண்டில் 8 தடவை, 24 குப்பி. ஏற்றுவதற்கு இரண்டு மணித்தியாலம், அதன்பின் கொஞ்ச நேரம் கண்காணிப்பு. எட்டு வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை எடுத்தால் போதும், பாடவேளைகள் குழம்பாது.

பலன் எவ்வளவு? 2010இல் வெளிவந்த சொனிக் என்ற ஆய்வில் 508 பேர். அரை ஆண்டு முடிவில் ஸ்டீரொய்ட் இல்லாமல் நோய் அடங்கியிருந்தவர்கள்: அசதியோப்ரின் மட்டும் எடுத்தவர்களில் 30 வீதம், இன்ஃப்லிக்சிமாப் மட்டும் எடுத்தவர்களில் 44 வீதம், இரண்டையும் சேர்த்தவர்களில் 57 வீதம். உங்கள் நிபுணர் அசதியோப்ரினை நிறுத்தாமல் இதையும் சேர்க்கச் சொல்வது இதனால்தான். புதிய மருந்தை உடம்பு அந்நியமாகக் கண்டு அதற்கெதிரான பிறபொருளெதிரியை உண்டாக்காமலும் அசதியோப்ரின் காக்கும். அதற்கான குருதிப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். தெற்காசியரில் சிலருக்குப் பரம்பரை காரணமாக வெள்ளணுக்கள் சடுதியாகக் குறையும்.

57 வீதம் என்றால் நூறில் 43 பேருக்கு அந்த அளவு பலன் இல்லை என்பதையும் மறைக்கப் போவதில்லை. இந்த வகை மருந்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆரம்பத்திலேயே போதிய பலன் வராது. வேறு சிலருக்கு வந்த பலன் பின்னால் குறையும். ஏற்கனவே நாராக இறுகிப்போன ஒடுக்கத்தை எந்த ஊசியும் விரிக்காது. அது சத்திரசிகிச்சையின் வேலை. அழற்சியால் வீங்கிய ஒடுக்கமானால் மருந்துக்குப் படியும். உங்களுடையது எந்த வகை என்று ஸ்கேனைக் காட்டிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விளக்கிச் சொல்லாமல் உங்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கக்கூடாது.

மற்றத் தெரிவுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடலிமுமாப் என்பது இதே வகையில் வீட்டிலேயே தோலின்கீழ் போட்டுக்கொள்ளும் ஊசி. வெடோலிசுமாப் குடலை மட்டும் குறிவைப்பது, தொற்றுப் பயம் குறைவு, ஆனால் மெதுவாக வேலை செய்யும். உஸ்டெகினுமாப் வேறொரு வழியில் அழற்சியைத் தணிப்பது. ஆனால் மலவாசல் பவுத்திரத்தில் அதிக அனுபவமும் ஆதாரமும் உள்ளது இன்ஃப்லிக்சிமாப்புக்குத்தான். உங்கள் நிலையில் நானும் அதைத்தான் தெரிவு செய்திருப்பேன். உபடாசிட்டினிப் என்ற குளிசை பற்றி இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பம் எண்ணியிருப்பவருக்கு அது உகந்ததல்ல.

அம்மாவின் பயங்கள்

அம்மாவிடம் "புற்றுநோயே வராது" என்று பொய் சொல்லாதீர்கள். எண்ணைச் சொல்லுங்கள். பிரான்சில் குடல் அழற்சி நோயாளர்கள் 1,89,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். நிணநீர்ப் புற்றுநோய் வந்தது, இந்த மருந்துகள் எதுவும் எடுக்காதவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் சுமார் 3 பேருக்கு. டி.என்.எஃப். எதிர்ப்பு ஊசி மட்டும் எடுத்தவர்களில் 4 பேருக்கு. அசதியோப்ரின் வகை மட்டும் எடுத்தவர்களில் 5 பேருக்கு. இரண்டும் சேர்ந்தால் 9 அல்லது 10 பேருக்கு. கூடுகிறது, உண்மை. பத்தாயிரத்தில் 9,990 பேருக்கு அந்த ஆண்டில் வரவில்லை என்பதும் உண்மை. நீங்கள் ஏற்கனவே எடுத்துவரும் அசதியோப்ரினுக்கும் அந்தக் கணக்கில் பங்கிருக்கிறது, அதற்கு வீட்டில் யாரும் பயப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எதிர்ப்புச் சக்தி அழியாது. ஒரு பகுதி தணியும். ஆகவே காய்ச்சல் வந்தால் கசாயம் குடித்துக்கொண்டு மூன்று நாள் காத்திருக்கும் பழக்கம் இனி வேண்டாம். யாழ்ப்பாணத்தில் கார்த்திகை, மார்கழி மழையோடு டெங்கு வரும். அன்றே குருதிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சலோடு ஊசி ஏற்றப் போகாதீர்கள், திகதியைத் தள்ளிப் போடுவார்கள். டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற நோக்குளிசைகள் டெங்குக்கும் கூடாது, குரோனுக்கும் கூடாது. வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கொப்பளிப்பான் வந்து, உங்களுக்குச் சின்ன வயதில் அம்மாள் வருத்தம் வந்ததில்லை என்றால், கொப்புளம் வரும்வரை காத்திராமல் உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள். நிமோனியா, இன்ஃப்ளுவென்சா தடுப்பூசிகளை மருந்து தொடங்குமுன் போட்டுக்கொள்வது நல்லது.

"சாகும்வரை" என்ற பேச்சுக்கு வருவோம். ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு மருந்தும் எடுத்து நன்றாக அடங்கியிருந்த 115 பேருக்கு இன்ஃப்லிக்சிமாப்பை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். ஸ்டோரி என்ற அந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் 44 வீதமானோருக்கு நோய் திரும்பியது. திரும்பியவர்களுக்கு மீண்டும் ஏற்றியபோது பெரும்பாலோருக்குக் கேட்டது. ஆகவே நிறுத்தலாம், ஆனால் புண் முற்றாக ஆறியதைப் பார்த்து, வைத்தியரோடு திட்டமிட்டு நிறுத்த வேண்டும். "இப்போது சுகம்தானே" என்று இரண்டு ஊசியைத் தவறவிட்டுப் பல மாதம் கழித்துப் போய் நிற்பதுதான் மோசமானது. இடைவெளிக்குப் பின் மீண்டும் ஏற்றும்போது ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம்.

சித்த வைத்தியத்தை நான் இகழ மாட்டேன். கைதடியில் அதைப் பல்கலைக்கழக மட்டத்தில் படிப்பிக்கிறார்கள். அங்கு படித்த ஒருவரிடம் ஒடுக்கம் இருக்கும் ஸ்கேனைக் காட்டினால் அவரே பேதி கொடுக்கத் தயங்குவார். ஒடுங்கிய குடலில் பேதி மருந்து என்பது அடைப்புக்கும் நீரிழப்புக்கும் அழைப்பு. அம்மாவின் மனதுக்காக நெற்றியில் திருநீறு பூசிக்கொள்ளுங்கள், நேர்த்தி வையுங்கள். பேதி மட்டும் வேண்டாம்.

சித்தப்பாவின் பொதி

சித்தப்பா "கொப்பி" என்பது பயோசிமிலர் மருந்தை. அசல் இன்ஃப்லிக்சிமாப்போடு ஒப்பிட்டுப் பரிசோதித்து, அதே வேலையை அதே பாதுகாப்போடு செய்கிறது என்று காட்டிய பிறகே அனுமதி பெறுவது. ஐரோப்பாவில் முதலாவது இன்ஃப்லிக்சிமாப் பயோசிமிலருக்கு 2013இல் அனுமதி கிடைத்தது. நோர்வேயில் 482 நோயாளர்களை வைத்து அசலிலிருந்து மாற்றிப் பார்த்த ஆய்வில், மாறியவர்கள் அசலிலேயே இருந்தவர்களைவிட மோசமாகவில்லை. சித்தப்பா இருக்கும் ஒன்ராறியோவிலேயே, மாகாண அரசின் மருந்துத் திட்டத்தில் உள்ளவர்களை 2023இல் பயோசிமிலருக்கு மாற்றினார்கள். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது இதை மரியாதையாக அவருக்குச் சொல்லுங்கள்.

பொதியில் வரும் மருந்தின் சிக்கல் வேறு. இது 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டிய புரதம். உறைந்தாலும் கெடும், சூடானாலும் கெடும். கெட்டதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாத நேரமும் உண்டு. ரொறன்ரோவில் இன்னொருவர் பெயரில் எழுதிய மருந்து, கட்டுநாயக்காவில் எத்தனை மணித்தியாலம் கிடந்தது என்று தெரியாத பெட்டி, அதற்கு மேல் ஏ-9 வீதியில் ஓர் இரவுப் பயணம். அதை எந்த விடுதித் தாதி நம்பி உங்கள் நாளத்தில் ஏற்றுவார்? நாடே 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து விவகாரத்தைப் பார்த்தது. ஊசி மருந்து எந்த வழியால் வந்தது என்பதைக் கேட்பது சந்தேகப் புத்தி ஆகாது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான மருந்தை, பற்றுச்சீட்டோடும் தொகுதி இலக்கத்தோடும் வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் அந்த இலக்கத்தையும் மருந்தின் பெயரையும் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள்.

சென்னைக்குப் போய் வாங்கிவருவதானாலும் இதே விதிதான். அடலிமுமாப் ஊசியை 14 நாள் வரை அறை வெப்பநிலையில் வைத்திருக்கலாம் என்று பெட்டியில் படித்துவிட்டுச் சிலர் மேசையில் வைத்துவிடுகிறார்கள். அங்கே சொல்லப்படுவது 25 பாகைக்கு மேற்படாத அறை. சாவகச்சேரியில் பகல்வேளையில் அப்படி ஓர் அறையை நான் பார்த்ததில்லை.

சித்தப்பாவுக்கு உதவ மனமிருந்தால் பணமாக அனுப்பட்டும். முதலில் வைத்தியசாலை மூலம் மருந்தைப் பெற வழியுண்டா என்று உங்கள் நிபுணரிடம் எழுத்தில் கோருங்கள். அரசாங்க ஆசிரியை என்பதால் அக்ரஹார காப்புறுதியில் எவ்வளவு மீளப் பெறலாம் என்று கோட்டத்தில் அல்லது வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிப்பது பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். முக்கியமாக, 24 குப்பிக்கும் வழி தெரிந்தபின் தொடங்குங்கள். மூன்று ஊசிக்குப் பணம் திரட்டித் தொடங்கி நாலாவதில் நிற்பதைவிட, ஒரு மாதம் பிந்தித் தொடங்குவது மேல். அதற்குமேல் பிந்த விடாதீர்கள்.

பிள்ளையும் மாப்பிள்ளையும்

பிள்ளை பெற முடியும். நோய் அடங்கியிருக்கும் பெண்ணின் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களுடையதற்குக் கிட்டத்தட்டச் சமம். கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றைக் கூட்டுவது எரிந்துகொண்டிருக்கும் நோய். குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம் ஸ்டீரொய்ட் இல்லாமல் அடங்கியிருந்தபின் கருத்தரியுங்கள். இன்ஃப்லிக்சிமாப்பையும் அசதியோப்ரினையும் கர்ப்பத்தில் தொடரலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம். எந்தக் காலத்திலாவது மெதோட்ரெக்சேட் என்ற வேறொரு மருந்துக்கு மாற்றினால் மட்டும் கர்ப்பம் அறவே கூடாது. பிள்ளைக்கும் இந்த நோய் வருமா என்றால், தாய்க்கு இருப்பதால் வாய்ப்புச் சற்றுக் கூடும். ஆனாலும் நூறில் சில பிள்ளைகளுக்குத்தான்.

இன்ஃப்லிக்சிமாப் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், பல மாதம் உடலில் தங்கும். நம் நாட்டில் பிறந்த கையோடு காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். அது உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. கர்ப்பத்தில் இந்த மருந்து எடுத்த தாயின் குழந்தைக்கு அதைப் போட்டு, கிருமி பரவிக் குழந்தை இறந்த சம்பவம் இங்கிலாந்தில் பதிவாகியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஆறு மாதமாவது அதைத் தள்ளிப் போட வேண்டும். இன்ஃப்லிக்சிமாப்புக்குப் பன்னிரண்டு மாதம் என்று சொல்லும் வழிகாட்டல்களும் உண்டு. பிரசவ விடுதியில் அந்தக் காலைவேளை அவசரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே கர்ப்பிணி அட்டையின் முன்பக்கத்திலேயே எழுதுவியுங்கள், குடும்ப நல உத்தியோகத்தருக்கும் சொல்லிவையுங்கள். உயிரற்ற மற்றத் தடுப்பூசிகளை உரிய காலத்தில் போடலாம்.

மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா? வைத்தியர் யாரும் உங்களைக் கேட்காமல் அவருக்குச் சொல்ல மாட்டார். அது உங்கள் இரகசியம். என் அபிப்பிராயம் கேட்டால், பதிவுத் திருமணத்துக்கு முன் சொல்லுங்கள். தரகர் வாயால் போகக்கூடாது, பெரியம்மா வாயாலும் போகக்கூடாது. அவரோடு நீங்களே நேரடியாகக் கதையுங்கள்: எனக்கு இந்த நோய், இந்த மருந்து, எட்டு வாரத்துக்கு ஒரு நாள் வைத்தியசாலை, பிள்ளை பெறலாம் என்கிறார்கள். வேண்டுமானால் உங்கள் வைத்தியரைச் சந்திக்க அவரையும் அழைத்துப் போங்கள். எட்டு வாரத்துக்கு ஒருமுறை காணாமல் போய் வருவதை ஒரே வீட்டில் எத்தனை நாள் மறைப்பீர்கள்? மறைக்கத் தொடங்கினால் முதலில் தவறப் போவது ஊசித் திகதிதான். சொன்னதைக் கேட்டுச் சம்பந்தம் நின்றுபோனால் வலிக்கும். ஆனாலும் நான் இதையே சொல்வேன்.

பொருந்தி வந்தால், விசா வரும்வரை இங்கே தொடருங்கள். புறப்படுமுன் ஊசித் திகதிகள், தொகுதி இலக்கங்கள், ஸ்கேன், காசநோய்ப் பதிவு எல்லாவற்றின் பிரதியும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும், பெரிய சூட்கேசில் வேண்டாம். வாழ்க்கைத்துணை விசாவுக்கான சுகாதாரக் கட்டணத்தைக் கட்டியபின் அங்குள்ள தேசிய சுகாதார சேவையில் சிகிச்சை பெறலாம். ஆனால் நிபுணரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டிவரும், அந்த இடைவெளிக்கும் சேர்த்துத் திகதியைத் திட்டமிடுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், வெட்கத்தோடு, பனங்கிழங்கும் ஒடியல் கூழும் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உணவால் மட்டும் இந்த நோய் வருவதுமில்லை, பத்தியத்தால் மட்டும் போவதுமில்லை. ஆனால் குடல் ஒடுங்கியிருக்கும்வரை தும்புள்ள எதுவும் அந்த இடத்தில் சிக்கும். அவித்த பனங்கிழங்கை உரிக்கும்போது கையில் நீளமாக வருகிறதே, அந்தத் தும்புதான் முதல் எதிரி. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கூழில் மீனையும் ஓடு நீக்கிய இறாலையும் குழைந்த மரவள்ளியையும் எடுத்துக்கொண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலைக் காம்பு ஆகியவற்றைச் சட்டியிலேயே விட்டுவிடுங்கள். மிளகாய்த்தூள் உங்களுக்கு ஒத்துவருகிற அளவுக்குப் போடலாம், அதில் தடையில்லை. ஊசிகள் தொடங்கிச் சில மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் ஒடுக்கம் தளர்ந்திருந்தால், கிழங்கைப் பற்றி மறுபடியும் எழுதிக் கேளுங்கள்.